ஏட்டில் கண்ட முகமும் திரையில் கண்ட முகமும்



காவிரி நம்மூருக்கு நீராக வந்ததில்லை, மின்சாரமாக வந்தது. 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்து அருவியில் பிறந்த மின்சாரம் கம்பி வழியே நடந்து வந்து நம் சுரங்கங்களின் இயந்திரங்களைச் சுழற்றியது. குடிநீருக்கு நமக்குப் பேத்தமங்கலத்து ஏரியே துணை. எனினும், ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் காவிரிக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களைப் போல நம் லைன் வீடுகளில் எலுமிச்சஞ் சாதமும் தேங்காய்ச் சாதமும் மணக்கத் தொடங்கிவிடுகின்றன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம் பாட்டன்மார், மூட்டை முடிச்சுக்களோடு இவ்வழக்கத்தையும் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

சென்ற ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. அன்று நண்பர் ஒருவர் இல்லத்துக்கு விருந்துக்குச் சென்றிருந்தோம். சென்ற இடத்தில் சாதத்தோடு ஒரு வழக்கும் நமக்காகக் காத்திருந்தது. வழக்கு என்றதும் பங்காளிச் சண்டை என்றோ, வீட்டுப் பட்டா விவகாரம் என்றோ எண்ணிவிட வேண்டாம். வாதி, எண்பத்திரண்டு வயது நிரம்பிய ஆயா. பிரதிவாதி, நாள்தோறும் விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் அவருடைய பேரன். வழக்கின் பொருள், அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. அன்று காலை தொடங்கிப் பிற்பகல் வரை, அதன் திரைப்படம் இரண்டு பாகங்களையும் வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டியிருக்கிறான் பேரன். ஆயாவை மகிழ்விக்க வேண்டும் என்பதே அவன் எண்ணம். ஆனால் படம் முடிந்ததும் ஆயா கேட்ட முதற் கேள்வி இதுதான்:

"எல்லாம் சரிடா கண்ணு, என் பூக்காரப் பிள்ளை எங்கே?"

பேரன் விழித்தான். எந்தப் பூக்காரப் பிள்ளை என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆயாவுக்கோ அவ்வினாவிலேயே பாதி உயிர் இருந்தது. இருவரும் நம்மைப் பார்த்தார்கள். 'நீங்கள்தான் மாதந்தோறும் எழுதுகிறவர் ஆயிற்றே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்' என்றார் வீட்டுக்காரர். நாம் அவசரப்பட்டு ஒப்புக்கொண்டோம். அதன் பலனைத்தான் இப்பக்கத்தில் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

★

வழக்கின் வரலாற்றை முதலில் சொல்லிவிடுவோம்.

'பொன்னியின் செல்வன்' 1950-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 'கல்கி' வார இதழில் தொடங்கி, 1954 மே வரையில் வாரந்தவறாமல் வெளிவந்தது. ஐந்து பாகங்கள், மொத்தம் 293 அத்தியாயங்கள். கதை முடிந்த அவ்வாண்டின் டிசம்பரிலேயே ஆசிரியர் கல்கி மறைந்தார். வாரந்தோறும் கதைக்கு ஓவியர் மணியம் சித்திரம் தீட்டினார். வந்தியத்தேவனின் குறும்பு நகையும், நந்தினியின் கொண்டையும், ஆழ்வார்க்கடியானின் முன்குடுமியும் தமிழ் நாட்டார் கண்ணில் குடியேறியது எழுத்தால் பாதி, மணியத்தின் தூரிகையால் பாதி.

நம்மூரில் இக்கதை படிக்கப்பட்ட விதத்தை ஆயாவே சொல்லக் கேட்டோம். அப்போது அவருக்கு ஏழெட்டு வயது. தகப்பனார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பாதாள வேலை செய்தவர், எழுத்தறியாதவர். சென்னையிலிருந்து இதழ் ரயிலில் வரும். லைனுக்கு ஒரு பிரதி. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர். பகல் ஷிப்டு முடிந்து, சங்கு ஊதி, குளித்துச் சாப்பிட்டபின், விளக்கடியில் அவர் உரக்கப் படிக்க, பத்துப் பதினைந்து பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்களாம். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள், 'நாளைக்கு எங்களுக்கு இன்னொரு தரம் படிக்க வேண்டும்' என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். ஒரு வாரம் கதை ஓர் ஆபத்தான இடத்தில் நின்றுவிட்டால், அடுத்த வாரம் வரையில் பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில்கூட வந்தியத்தேவன் பிழைப்பானா மாட்டானா என்பதே பேச்சாக இருக்குமாம்.

அந்தப் பக்கங்களையெல்லாம் கிழித்துச் சேர்த்து, ராபர்ட்சன்பேட்டையில் பைண்டு செய்து வைத்திருக்கிறார்கள். ஐந்து பாகத்தில் நான்கு இன்றும் பெட்டியில் இருக்கின்றன. நான்காம் பாகத்தை இரவல் வாங்கிப் போனவர் காலமாகியே இருபது வருஷம் ஆகிறது. 'புத்தகம் இரவல் கொடுக்கிறவன் ஒரு மடையன்' என்று தொடங்கும் பழைய வசையை ஆயா அவர் பொருட்டுத் தம் மீதே சொல்லிக்கொள்கிறார்.

இனித் திரைப்படத்தின் வரலாறு. இக்கதையைப் படமாக்க 1958-ஆம் ஆண்டிலேயே எம்.ஜி.ஆர். முயன்றார், அது நிறைவேறவில்லை. பின்னாளில் கமல்ஹாசனும் விரும்பினார், அதுவும் கைகூடவில்லை. 1999-இல் மேடை நாடகமாக வந்தது. அந்நாடகத்தை எழுதிய இளங்கோ குமரவேல் பின்னர்த் திரைக்கதையிலும் பங்கு கொண்டார். முடிவில் மணிரத்தினத்தின் இயக்கத்தில் முதற் பாகம் 2022 செப்டம்பர் 30-ஆம் நாளும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ஆம் நாளும் வெளிவந்தன. வசனம் ஜெயமோகன், இசை ஏ. ஆர். ரகுமான். முதற் பாகத்துக்குத் தேசிய விருதுகள் நான்கு கிடைத்தன. கன்னடம் உள்ளிட்ட பிற மொழிகளிலும் படம் பேசியது.

அறுபத்தெட்டு ஆண்டுகள் வாசகர் மனத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த படம், உண்மையில் ஓடத் தொடங்கியபோது வழக்கு எழாமல் இருக்குமா?

★

பேரனின் வாதத்தை முதலில் கேட்போம். இளைஞர்கள் பேசத் தொடங்கினால் இடையில் நிறுத்துவது நம் வழக்கம். அவ்வழக்கத்தை அன்று விட்டுவிட்டோம். அதனால் நமக்கு இலாபமே உண்டாயிற்று.

அவன் ஜப்பானியச் சித்திரத் தொடர்களின் இரசிகன். அங்கே வார இதழ்களில் சித்திரங்களாலேயே கதை சொல்கிறார்கள். அதற்கு 'மாங்கா' என்று பெயர். எய்ச்சிரோ ஓடா என்பவர் 1997-இல் தொடங்கிய 'வான் பீஸ்' என்ற கடற்கொள்ளையர் கதை இன்றும் முடியாமல் நடந்துகொண்டிருக்கிறது. வைக்கோல் தொப்பி அணிந்த, ரப்பரைப் போல் உடல் நீளும் ஒரு சிறுவன் அதன் நாயகன். கோடிக்கணக்கானவர்கள் கோட்டுச் சித்திரமாகவே கண்டு பழகிய அவனை, இரத்தமும் சதையுமான நடிகரைக் கொண்டு தொலைக்காட்சித் தொடராக்கினார்கள். 2023 ஆகஸ்டு 31-இல் நெட்பிளிக்ஸில் எட்டுப் பகுதிகளாக அது வெளிவந்தது.

"எங்களுக்கும் அப்போது இதே பயம்தான் இருந்தது, ஐயா" என்றான் பேரன். "இதற்கு முன் 'டிராகன் பால்' என்ற கதையை 2009-இல் இப்படிப் படமெடுத்துப் பாழாக்கிவிட்டார்கள். ஆனால் 'வான் பீஸ்' நன்றாக வந்தது. ஏன் தெரியுமா? எழுதினவர் உயிரோடு பக்கத்திலேயே இருந்தார். தமக்குத் திருப்தி ஏற்படும் வரையில் வெளியிடக் கூடாது என்று பேசி வைத்திருந்தார். சில ஆட்களை விட்டார்கள், சில சண்டைகளைச் சுருக்கினார்கள். எது போனாலும் அந்தப் பையனுடைய சிரிப்புப் போகவில்லை. அதுபோல வந்தியத்தேவன் சரியாக இருக்கிறானா இல்லையா என்று பாருங்கள். மற்றதை விடுங்கள்."

வாதம் சிறியதாயினும் அதில் ஒரு நியாயம் பளிச்சிட்டது. அதனோடு நம் கைக்கணக்கையும் சேர்த்துக்கொண்டோம். படம் இரண்டு பாகமும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். அதாவது முந்நூற்று முப்பது நிமிஷம். அத்தியாயங்களோ 293. அத்தியாயம் ஒன்றுக்கு ஒரு நிமிஷத்துக்குச் சற்றே அதிகம் கிடைக்கிறது! இந்த நெருக்கடியில் எதையும் விடக்கூடாது என்பவர், நாலணாவுக்குக் கல்யாண விருந்து கேட்பவரே ஆவார். படத்தைக் குறை கூறுமுன் இக்கணக்கை எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே, 'என்ன விட்டார்கள்' என்ற பட்டியலைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டோம். கதைமாந்தரின் இயல்பு நிலைத்திருக்கிறதா? ஆசிரியரின் குரல் எங்கேனும் கேட்கிறதா? கதையின் அறம் அதே இடத்தில் நிற்கிறதா?

★

முதற் கேள்விக்குப் படம் பெரும்பாலும் தேறிவிடுகிறது. கார்த்தியின் வந்தியத்தேவன், அழகிய பெண்ணைக் கண்டால் அசடு வழிவான். ஆபத்தைக் கண்டால் அறிவு பெறுவான். கல்கி படைத்தவனும் இப்படிப்பட்டவனே. ஆழ்வார்க்கடியானாக வந்த ஜெயராமைக் கண்டதும் ஆயா கைகொட்டிச் சிரித்துவிட்டார் என்று பேரனே சாட்சியம் சொன்னான். குந்தவையாகத் திரிஷாவும் நந்தினியாக ஐஸ்வரியா ராயும் எதிரெதிரே நிற்கும் காட்சியில், பேச்சு இன்முகத்தோடு நடக்கிறது. கண்களோ வேறொரு போரை நடத்துகின்றன. பக்கம் பக்கமாகக் கல்கி எழுதியதை இரண்டு முகங்கள் சொல்லிவிடுகின்றன. விக்ரமின் ஆதித்த கரிகாலன், ஏட்டில் இருந்தவனைக் காட்டிலும் நமக்கு நெருக்கமாக வருகிறான் என்று சொன்னால் பழைய வாசகர்கள் கோபிக்கக் கூடாது. வெறியும் வேதனையும் ஒரே மனிதனுக்குள் எரிவதை எழுத்தில் படித்ததுண்டு. கண்ணால் கண்டது இப்போதுதான்.

'மணியம் வரைந்த மூக்கு இப்படி இல்லையே' என்போர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். மணியத்துக்குப் பின்னும் இக்கதை பலமுறை மறுபதிப்பாகத் தொடர்ந்து வந்தது. வேறு ஓவியர்களும் வரைந்தார்கள். மணியத்தின் புதல்வர் மணியம் செல்வனே வரைந்தார். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு குந்தவை இருந்தாள். இத்தலைமுறைக்குக் கிடைத்தவள் பேசுகிறாள், நடக்கிறாள், அவ்வளவே வேறுபாடு.

இரண்டாம் கேள்வியில் படம் தடுமாறுகிறது. கல்கியின் கதையில் யாரும் எண்ணாத கதாபாத்திரம் ஒன்று உண்டு; அது கல்கியே. வாசகர் தோளில் கைபோட்டுக்கொண்டு வழிகாட்டுவார்; நடுவில் நிறுத்திச் சரித்திரம் சொல்வார்; தாமே ஒரு நகைச்சுவையைச் சொல்லித் தாமே இரசிப்பார். கதையின் முதற்காட்சியை நினைவுகூருங்கள். ஆடிப் பெருக்கன்று மாலை, வீரநாராயண ஏரிக்கரையில், ஓர் இளைஞன் தனியே குதிரையில் வருகிறான். ஊரெல்லாம் மகிழ்ந்திருக்கிறது, தண்ணீர் பெருகி ஓடுகிறது. அவசரமே இல்லை. படமோ போர்க்களத்தில் தொடங்குகிறது. இராஷ்டிரகூடரின் கோட்டை, கத்தி, இரத்தம், வெற்றி முழக்கம். அதன் பின்னரே ஏரிக்கரைக்கு வருகிறோம். திரையரங்கில் அமர்ந்தவனை உடனே இழுத்துப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இயக்குநருக்கு உண்டு என்பதை அறிவோம். எனினும், கல்கி நம்மை அழைத்துச் சென்றது தண்ணீரின் வழியாக. திரைப்படம் அழைத்துச் செல்வது நெருப்பின் வழியாக. இரண்டும் ஒரே ஊருக்குப் போகும் பாதைகள் என்று சொல்ல நம் மனம் ஒப்பவில்லை.

இவ்விடத்தில், உடனிருந்த கன்னட நண்பர் ஒரு சொல் சொன்னார். அந்த ஏரியைத் தோண்டுவித்தவன் சோழ இளவரசன் இராஜாதித்தன். அவன் 949-ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அவனைக் கொன்றவன், இராஷ்டிரகூடருக்குத் துணை நின்ற கங்க மன்னன் பூதுகன். கங்கரின் ஆதித் தலைநகரம் குவளாலபுரம். அதாவது நமக்கு அடுத்துள்ள கோலார்! "எங்கள் பள்ளிப் புத்தகத்தில் இது ஆதகூர்க் கல்வெட்டுச் சொல்லும் வெற்றி, உங்கள் கதையில் இது ஆறாத புண்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பின்னாளில் சோழர் இந்நாட்டை வென்று, கோலாரம்மன் கோயிலில் தமிழில் கல்வெட்டும் பொறித்துவைத்தார்கள். வென்றவரும் தோற்றவரும் மாறிமாறி வந்த மண்ணில் நாம் குடியிருக்கிறோம். அண்டை வீட்டுக்காரருடைய மூதாதையரை வெறும் கத்திக்கிரையாகக் காட்டும் காட்சியை நம் பிள்ளைகள் பார்க்கும்போது, பக்கத்தில் அமர்ந்து இக்கதையின் மறுபக்கத்தையும் சொல்லுவது பெரியோர் கடமை. கல்கி தம் கதையை நிறுத்திச் சரித்திரம் சொன்னதன் பயன் இதுதான். படத்துக்கு அந்த அவகாசம் இல்லை, நமக்கு உண்டு.

★

மூன்றாம் கேள்வியே ஆயாவின் கேள்வி. அதற்கு வருவோம்.

தஞ்சைக் கோட்டைக்கு வெளியே ஒரு பூந்தோட்டம். அதில் ஒரு குடிசை. பேசவும் கேட்கவும் இயலாத ஒரு தாய். அவள் வளர்த்த மகன் சேந்தன் அமுதன். நாள்தோறும் பூப்பறித்துத் தளிக்குளத்தார் ஆலயத்துக்குக் கொடுப்பான், தேவாரம் பாடுவான், படகோட்டும் பூங்குழலியை வாய்விட்டுச் சொல்லாமல் நேசிப்பான். அரசுரிமைக்காகப் பெரியவர்களெல்லாம் சூழ்ச்சி செய்துகொண்டிருக்கையில், இவன் பாட்டுக்கு மாலை கட்டிக்கொண்டிருப்பான். கடைசியில் உண்மை வெளிப்படுகிறது. செம்பியன் மாதேவியாரின் மெய்யான மகன் இந்தப் பூக்காரப் பிள்ளையே. அருள்மொழிவர்மன் தனக்குச் சூட்ட வந்த கிரீடத்தை வாங்கி இவன் தலையில் வைக்கிறான். கதையின் ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர் வந்த காரணங்களுள் தலையாயது அக்காட்சியே.

திரைப்படத்தில் சேந்தன் அமுதன் சிறு வேடமாக வந்து போகிறான். அவன் பிறப்பின் இரகசியம் இல்லை. கிரீடம், பதவிக்கு ஆசைப்பட்டுச் சூழ்ச்சியில் சேர்ந்த மதுராந்தகனுக்கே சூட்டப்படுகிறது. சம்புவரையர் மகள் மணிமேகலையும் படத்தில் இல்லை.

இம்மாற்றத்துக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். சரித்திரத்தில் உத்தம சோழன் என்பவன் அரண்மனையில் வளர்ந்த சிற்றப்பனே; அவன் அரசை விரும்பியதனால் அருள்மொழி விட்டுக்கொடுத்தான் என்பதே திருவாலங்காட்டுச் செப்பேட்டின் கருத்து. எதிரியென நின்றவனுக்கு முடியைக் கொடுப்பது, நல்லவனுக்குக் கொடுப்பதைக் காட்டிலும் கடினமானதன்றோ என்றும் கேட்கலாம். பேரன் அப்படித்தான் கேட்டான். நம்மால் உடனே விடை கூற முடியவில்லை.

ஆயா கூறினார்:

"அது பெரிய தியாகமாவே இருக்கட்டும்டா. ஆனா எங்க லைன்ல அந்த அத்தியாயத்தைப் படிச்ச ராத்திரி, எங்கப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். 'குடிசையில கிடந்தாலும் பிறப்பு மறைஞ்சிருக்கும், குணம் மறையாதுடி'ன்னு சொன்னார். ராஜா வீட்டுக் கதை எங்களுக்கு எதுக்கு? அந்தப் பூக்காரப் பிள்ளைக்காகத்தான் நாங்க கேட்டோம்."

அங்கிருந்தவர் யாவரும் சற்று நேரம் பேசவில்லை.

நேயர்களே, தஞ்சையை நேரில் கண்டறியாத பாதாளத் தொழிலாளி ஒருவர் சோழர் கதையைத் தம் கதையாகக் கொண்டது இவ்வாசல் வழியாகத்தான். பொன்னை வெட்டி மேலே அனுப்பிவிட்டுத் தகரக் கூரையின் கீழ்ப் படுத்தவர்களுக்கு, குடிசையில் கிடந்த பிள்ளையின் தலையில் பொன்முடி ஏறியது வெறும் கதைத் திருப்பம் அன்று. திரைப்படம் பல அறைகளைப் பூட்டியது, நேரமில்லாமல் பூட்டியது, அதைப் பொறுக்கலாம். ஆனால் நம்மவர்கள் நுழைந்த வாசலும் அப்பூட்டுக்களில் ஒன்றாகிவிட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நமக்கு இவ்வருத்தம் புதிதும் அன்று. நம்மூர்ப் பெயரையே தாங்கிக் கன்னடத்தில் 2018-இலும் 2022-இலும் வந்த படங்கள் உலகெங்கும் ஓடின. அதில் வந்த நராச்சி என்ற கற்பனைச் சுரங்கத்தில் அடிமைகளும் சவுக்கும் உண்டு; நாம் அறிந்த ஷிப்டும் சம்பளச் சீட்டும் சங்கக் கூட்டமும் இல்லை. கற்பனை என்று சொல்லிச் செய்த கற்பனை, குற்றம் சொல்வதற்கில்லை. எனினும் வெளியூரில் 'நீங்கள் அந்த ஊரா?' என்று வியந்து கேட்கிறவர்களுக்கு, 2001 பிப்ரவரியில் மூடிய நம் சுரங்கத்தின் உண்மைக் கதையைச் சொல்லிச் சொல்லி நம் வாய் வலிக்கிறது. 2024-இல் பா. இரஞ்சித் இயக்கிய 'தங்கலான்' வட ஆர்க்காட்டு உழைப்பாளிகள் இம்மண்ணுக்கு வந்த கதையைத் தொட்டது. அதிலும் மாயம் மிகுதி என்று குறைப்பட்டவர்கள் உண்டு. தமக்குச் சொந்தமான கதை திரையில் வேறு முகத்தோடு வந்தால் எப்படியிருக்கும் என்பதை நம்மூரார்க்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

★

தீர்ப்புச் சொல்லும் வேளை வந்தது. 'ஏட்டில் அந்த இடத்தை ஒருமுறை படித்துக் காட்டுங்கள். பிறகு சொல்கிறோம்' என்றோம். ஆயா பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஐந்தாம் பாகம் வந்தது. காகிதம் பழுத்து, ஓரம் பொடிந்து, மணியத்தின் சித்திரங்கள் மட்டும் மங்காமல் இருந்தன. ஆயா பக்கத்தைக் கண்ணருகே கொண்டு சென்றார்; விலக்கினார்; மறுபடியும் கொண்டு சென்றார். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. படம் நிழலாகத் தெரிகிறது, எழுத்துத் தெரியவில்லை. 'நீ படிடா' என்று பேரனிடம் நீட்டினார்.

அவன் வாங்கினான். தலைகுனிந்தான்.

அவன் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். இரண்டாம் மொழி கன்னடம். நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருக்கிறான். வீட்டில் தமிழ் பேசுகிறான். படத்திலே தமிழ் கேட்கிறான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. அது அவன் குற்றமும் அன்று. நல்ல எதிர்காலம் வேண்டி அனுப்பிய பெற்றோர் குற்றமும் அன்று. ஆயினும் அந்தப் புத்தகம் அவ்விருவர் நடுவில் கிடந்த காட்சியை நாம் எளிதில் மறக்க மாட்டோம். ஒருவருக்குக் கதை முழுவதும் தெரியும், எழுத்துத் தெரியவில்லை. மற்றவருக்குக் கண் இருக்கிறது, எழுத்து இல்லை.

எழுத்தறியாத பாட்டனாருக்கு லைனில் ஒருவர் படித்துக் காட்டினார். இன்று பட்டம் பெற்ற கொள்ளுப் பேரனுக்குப் படித்துக் காட்ட லைனில் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

அப்போது நமக்கு ஓர் உண்மை விளங்கிற்று. படம் நன்றா, ஏடு நன்றா என்று வாதாடும் தகுதி, இரண்டையும் அறிந்தவருக்கே உண்டு. 'வான் பீஸ்' தொடரைப் பற்றிப் பேரன் அவ்வளவு தெளிவாக எடைபோட்டானே, எப்படி? சித்திரக் கதையையும் அவன் படித்திருக்கிறான். தொலைக்காட்சித் தொடரையும் பார்த்திருக்கிறான். ஜப்பானியக் கதைக்கு நீதிபதியாக இருக்கும் பிள்ளை, தன் பாட்டனார் அழுத கதைக்கு வெறும் பார்வையாளனாக இருக்கிறான். படத்தில் என்ன விடுபட்டது என்பதே அவனுக்குத் தெரிய வழியில்லை. ஏடு அறியாதவனுக்குத் திரையில் கண்டதே மூலம். அவன் பிள்ளைக்கோ அதுவும் இல்லாமற் போகலாம்.

ஆகவே தீர்ப்பை ஒத்திவைத்தோம். படத்தின் மீது இப்போதைக்கு நாம் சொல்வது இவ்வளவே: உழைப்பில் குறைவில்லை, முகங்கள் பொருந்தின, குரல் பாதி கேட்டது, ஒரு குடிசை காணாமற் போயிற்று. எனினும், அப்படம் இல்லாவிட்டால் அன்று அந்தப் பெட்டி திறந்திருக்காது. அதற்காக அதற்கு நம் நன்றி.

மீதித் தீர்ப்பைச் சொல்ல வேண்டியவன் பேரன். அதற்கு அவனுக்கு வாய்தா கொடுத்திருக்கிறோம். கல்கியின் நூல்கள் அரசுடைமையானவை; மலிவுப் பதிப்புக்களும் பெரிய எழுத்துப் பதிப்புக்களும் எளிதில் கிடைக்கின்றன; விலையின்றிக் கணினியிலும் கைப்பேசியிலும் படிக்கலாம். ஞாயிறுதோறும் மாலையில் ஒரு மணி நேரம் நம் சங்கக் கட்டடத்தில் 'பொன்னியின் செல்வ'னை உரக்கப் படிப்பதென்று நண்பர்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். எழுத்து அறிந்தோர் படிக்கலாம், அறியாதோர் கேட்கலாம், கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு முன்னதாக அரைமணி நேரம் எழுத்துச் சொல்லித் தரப்படும். வாரம் இரண்டு அத்தியாயமாகப் போனாலும் ஏறக்குறைய மூன்றாண்டு ஆகும். ஆகட்டுமே! கல்கி எழுதவும் மூன்றரை ஆண்டுகள் ஆயின.

அன்றிரவு விடைபெறும்போது பேரன் வாசல் வரை வந்தான். கையில் முதற் பாகம் இருந்தது. அட்டையின் மீதிருந்த பெயரை விரலால் தொட்டு, 'பொ... ன்... னி' என்று கூட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து ஆயாவின் குரல் கேட்டது:

"மெதுவாப் படிடா. எங்கேயும் போயிடாது."

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஏதேனும் ஒன்று கிடக்கலாம். அடுத்த ஞாயிறு அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். நான்காம் பாகத்தை யாரேனும் இரவல் வாங்கி வைத்திருந்தால், அவசியம் அதையும் கொண்டு வாருங்கள். ஒன்றும் கேட்க மாட்டோம்.